வாசகர் கேள்வி – பதில்: சின்ன டிராக்டரின் லோடர் ஏன் தூக்குவதில்லை?

கேள்வி: என்னிடம் 24 குதிரைத்திறன் கொண்ட, நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன டிராக்டர் இருக்கிறது. பட்டறையில் சொல்லி முன்புறம் லோடர் பொருத்தியிருக்கிறேன். டிராக்டரின் விளக்கத்தாளில் தூக்கும் திறன் 750 கிலோ என்று போட்டிருக்கிறது. ஆனால் ஈரச் சாணம் நிறைந்த பக்கெட்டைத் தூக்கவே லோடர் திணறுகிறது. ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் இரண்டு வாஷர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். போடலாமா ஐயா?
– ராசிபுரம் வாசகர்

பதில்: போட வேண்டாம். பிரஷர் கேஜ் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் நிச்சயமாகப் போட வேண்டாம். ரிலீஃப் வால்வு என்பது எண்ணெயின் அழுத்தம் வரம்பைத் தாண்டும்போது திறந்து வழிவிடும் வால்வு; வாஷர் போட்டால் ஸ்பிரிங் இறுகி அந்த வரம்பு உயரும்.

முதலில் அந்த 750 கிலோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது டிராக்டரின் பின்புறத்தில் கலப்பையும் ரோட்டவேட்டரும் மாட்டுகிற மூன்று புள்ளி இணைப்பின் திறன். முன்னால் நீங்கள் பொருத்திய லோடருக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. லோடரின் திறனை அதன் சிலிண்டரின் உள்விட்டமும், எண்ணெயின் அழுத்தமும், பக்கெட்டைத் தாங்கும் இரும்புக் கைகளின் நீளமும்தான் முடிவு செய்கின்றன.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். தூக்கும் சிலிண்டர்கள் இரண்டும் 50 மி.மீ. உள்விட்டம் கொண்டவை, அழுத்தம் 150 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் ஏறக்குறைய 3,000 கிலோ விசையுடன் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் 6,000 கிலோ. ஆனால் அந்த விசை கையின் மூட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி வேலை செய்கிறது, பக்கெட்டைக் கைகளோடு இணைக்கும் பின்னோ (pin) 200 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால், பின்னில் கிடைப்பது 600 கிலோதான். சாணத்தின் எடை பின்னில் இல்லை, அதற்கும் அரை மீட்டர் முன்னால் இருக்கிறது. அங்கே அது 480 கிலோவாகக் குறைகிறது. அதிலும் 90 கிலோ பக்கெட்டுக்கும், 48 கிலோ அளவுக்குக் கைகளின் சொந்த எடைக்கும் போய்விட, சரக்குக்கு மிஞ்சுவது சுமார் 340 கிலோ. கைகள் மேலே ஏற ஏற சிலிண்டர் தள்ளும் கோணம் மாறுவதால், பல லோடர்களில் உச்சியில் இதிலும் குறைவாகத்தான் கிடைக்கும்.

இப்போது அழுத்தம் 150 பாரிலிருந்து 120 பாருக்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக் கணக்கிடுங்கள். 480 கிலோ 384 ஆகும். பக்கெட்டும் கைகளும் தங்கள் பங்கான 138 கிலோவை விட்டுக்கொடுக்காது என்பதால் சரக்குக்கு மிஞ்சுவது 246 கிலோ மட்டுமே. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைய, தூக்கும் சரக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. 250 லிட்டர் பக்கெட்டில் ஈரச் சாணத்தைக் குவித்து நிரப்பினால் ஏறத்தாழ 250 கிலோ வரும். உங்கள் லோடர் அந்த விளிம்பில் நின்றுதான் திணறுகிறது என்பது என் கணிப்பு. கேஜ் வைத்துத்தான் அதை உறுதி செய்ய வேண்டும்.

250 பார் வரை காட்டும் கேஜ் ஒன்றை, லோடரின் ஹோஸ் சேரும் குயிக் கப்ளரில் மாட்டிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் வேலை செய்து எண்ணெய் சூடான பிறகு, சுமையில்லாமல் கைகளை முழு உயரத்துக்கு ஏற்றி, அதற்கு மேல் போக இடமில்லாத நிலையிலும் லீவரை மூன்று நான்கு விநாடி பிடித்து, முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் பிடித்தால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகும். இதை ஒருமுறை ஐட்லிங்கிலும், ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை நன்றாகக் கூட்டியும் செய்ய வேண்டும். ஐட்லிங்கில் முள் தாழ்ந்து, வேகம் கூடக்கூட ஏறினால் பம்ப் தேய்ந்திருக்கிறது. உள்ளுக்குள்ளேயே எண்ணெய் கசிகிறது. எந்த வேகத்திலும் அதே குறைந்த எண்ணிலேயே முள் நின்றால், ரிலீஃப் வால்வு முன்கூட்டியே திறக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது வால்வு உட்காரும் இடத்தில் தூசி ஒட்டியிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் சரிசெய்வது தவறில்லை. எண்ணெய் பால்போல் வெளுத்து நுரைத்திருந்தாலோ, பம்ப் கீச்சென்று அழுதாலோ, உறிஞ்சும் குழாய் வழியாகக் காற்று நுழைகிறது அல்லது எண்ணெயை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறது. பம்பை மாற்றச் சொல்வதற்கு முன் இந்த மலிவான இரண்டையும் பார்த்துவிட வேண்டும். எண்ணெயின் அளவைப் பார்ப்பது அதற்கும் முந்திய வேலை.

முள் கையேட்டின் எண்ணையே காட்டினால் உங்கள் லோடருக்குக் கோளாறு எதுவும் இல்லை, அதன் திறனே அவ்வளவுதான். அப்போதுதான் வாஷர் போடும் ஆசை வரும். 150 பாரை 180 ஆக்கினால் 340 கிலோ 440-ஐ நெருங்கும் என்பது உண்மை. அந்தக் கவர்ச்சியில்தான் பலரும் இறங்குகிறார்கள். ஆனால் அந்த அழுத்தம் பம்பின் சீல் முதல் கைகளின் வெல்டிங் வரை எல்லாவற்றின் மேலும் விழுகிறது. 3/8 அங்குல ஒற்றைக் கம்பிப் பின்னல் ஹோஸின் வேலை அழுத்தமே 180 பார்தான். இரட்டைப் பின்னல் என்றால் 330 பார் வரை தாங்கும். ஹோஸ் மாற்றும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். இப்படி வாஷர் போட்ட ஒரு டிராக்டரை என்னிடம் கொண்டுவந்தார்கள். லோடரின் தாங்கியை கிளட்ச் ஹவுசிங்கோடு பிணைக்கும் போல்ட் ஒன்றைச் சுற்றி, மயிரிழை கனத்தில் ஒரு துருக்கோடு ஓடியிருந்தது. துணியால் துடைத்துவிட்டு லோடரை ஏற்றச் சொன்னேன்; அந்தக் கோட்டில் எண்ணெய் பொடித்தது. வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்ற டிராக்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த விவசாயி தூக்க நினைத்ததும் சாணம்தான்.

ஆகவே சுமையின் பக்கம் போங்கள். பட்டறைக்காரர்கள் கனத்த தகட்டில் பக்கெட் செய்துவிடுகிறார்கள். சாணம் அள்ள அவ்வளவு கனம் தேவையில்லை. பக்கெட்டில் 30 கிலோ குறைந்தால் 30 கிலோ சரக்கு அப்படியே கூடும். பக்கெட்டின் பின்சுவர் அந்த இணைப்புப் பின்னுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மாட்டிக் கழற்ற வசதியாக இடையில் வைக்கும் இணைப்பு, பக்கெட்டை முன்னால் தள்ளித் திறனைத் தின்றுவிடும். குவியலுக்குள் பக்கெட்டைத் தரைமட்டமாக நுழைத்து, முதலில் பின்பக்கமாக மடக்கிக் குவியலிலிருந்து பிரித்துக்கொண்டு, அதன் பிறகு தூக்குங்கள். புதைந்த பக்கெட்டை நேராக மேலே இழுப்பவர்கள் சாணத்தோடு சேர்த்துக் குவியலின் பிடிமானத்தையும் தூக்கப் பார்க்கிறார்கள்.

இதற்குப் பிறகும் போதாது என்றால், 60 மி.மீ. சிலிண்டருக்கு மாறலாம். அதே அழுத்தத்தில் விசை 1.44 மடங்காகும்; ஏறும் நேரமும் அதே அளவு கூடும். பின், புஷ், கைகள், தாங்கி, முன் அச்சு எல்லாம் அந்தக் கூடுதலைத் தாங்குமா என்று லோடரை வடிவமைத்தவர் சொல்ல வேண்டும். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: தென்னந்தோப்பில் மட்டையும் நார்க்கழிவும் அள்ள லோடர் வைத்திருக்கிறேன். பெரிய பம்ப் போட்டால் அதிக எடை தூக்குமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: தூக்காது, வேகமாகத்தான் ஏறும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது வேகத்துக்கான கணக்கு. எத்தனை பார் என்பதே விசைக்கான கணக்கு. தேய்ந்த பம்பை மாற்றினால் இழந்த திறன் திரும்பும், அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் நார்க்கழிவைக் கவனியுங்கள். அது தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் விளையாட்டாகத் தூக்கிய அதே பக்கெட், மழைக்கு மறுநாள் அசையாமல் போனால் அதற்குப் பம்பைக் குறை சொல்ல முடியாது. குவியலின் மேல் தார்ப்பாய் போட்டு வையுங்கள்.

கேள்வி: சுமையோடு திரும்பினால் பின் சக்கரம் மேலெழும்புகிறது. பின் டயர்களில் தண்ணீர் நிரப்பினேன். ஓரளவு அடங்கியது, ஆனால் ஸ்டியரிங் இன்னும் கனமாகவே இருக்கிறது. ஏன்?
– ஒரத்தநாடு வாசகர்

பதில்: நீங்கள் செய்தது சரிதான், ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 1.5 மீட்டர், பக்கெட்டில் உள்ள 300 கிலோ முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று கொள்வோம். தராசுக் கணக்குப்படி, அது பின் சக்கரங்களிலிருந்து 300 கிலோவை எடுத்துவிட்டு, முன் அச்சின் மேல் 600 கிலோவை ஏற்றுகிறது. டயரில் உள்ள தண்ணீர் பின் அச்சுக்கு நேர் மேலே இருப்பதால் பின் சக்கரத்தை அழுத்துகிறதே தவிர, முன் அச்சின் பாரத்தில் ஒரு கிலோவைக்கூடக் குறைப்பதில்லை. ஸ்டியரிங் கனமாக இருப்பது அதனால்தான்.

பாரத்தைப் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிட வேண்டும். மூன்று புள்ளி இணைப்பில் 300 கிலோ எடையை, பின் அச்சிலிருந்து 75 செ.மீ. தள்ளி மாட்டினால் முன் அச்சில் 150 கிலோ குறையும், பின் அச்சில் 450 கிலோ கூடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 50 செ.மீ. வரும்படி கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் கட்டி ஏறக்குறைய 300 கிலோ எடை இருக்கும். கட்டி வார்க்க வசதியில்லை என்றால் ரோட்டவேட்டரையே மாட்டிக்கொண்டு போகலாம். எதை மாட்டினாலும் தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் தூக்காதீர்கள். முன் டயரின் காற்றை, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டாமல் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே இருக்கிறது. பின் சக்கரம் எழும்பிய டிராக்டருக்கு பிரேக்கே இல்லை என்று பொருள். சுமையோடு வாய்க்கால் கரையிலிருந்து இறங்கும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு கீழ் கியரில் இறங்கினால் முன் சக்கரங்களும் சேர்ந்து தடுக்கும்.

கேள்வி: தூக்கி நிறுத்திய பக்கெட் தானாக மெல்ல இறங்குகிறது. சிலிண்டர் சீல் போய்விட்டதா, லீவர் வால்வில் குறையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– பெருந்துறை வாசகர்

பதில்: பக்கெட்டைத் தரையில் வைத்து, இஞ்சினை நிறுத்தி, லீவரை இரு பக்கமும் ஆட்டி அழுத்தத்தைப் போக்குங்கள். பிறகு ஒரு சிலிண்டரைக் கைகளிலிருந்து கழற்றி, சுமையின்றி முழுதும் நீட்டி, மீண்டும் இஞ்சினை நிறுத்தி அழுத்தத்தைப் போக்கியபின், தண்டு வெளிவரும் பக்கத்து ஹோஸை மட்டும் கழற்றி அதன் வாயை அடைத்துவிடுங்கள். திறந்த துளைக்குக் கீழே ஒரு வாளியை வைத்து, அனைவரையும் விலகி நிற்கச் சொல்லி, இஞ்சினை ஓடவிட்டு லீவரைத் தூக்கும் பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். துளையிலிருந்து எண்ணெய் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. முதலில் இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. மற்றதையும் இப்படியே பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் குறை லீவர் வால்வுக்குள் நகரும் தண்டான ஸ்பூலில்தான். ஸ்பூல் தேய்வதால் பக்கெட் மெல்ல இறங்குமே ஒழிய, தூக்கும் திறன் அதனால் பெரிதாகக் குறையாது.

கசிவை எங்கே தேடினாலும் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஊசித்துளை வழியாகச் சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே எறும்பு கடித்த தடம்போல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. அப்படி நேர்ந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.