பட்டுப்புழு ஷெட்டுல இருந்து தயிர் சட்டி வரைக்கும்: நுண்ணுயிர் பத்தின உங்க கேள்விகள்

நுண்ணுயிர் பத்தி தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வந்த கேள்விகள்ல சிலதுக்கு இங்க பதில் எழுதுறேன். பட்டுப்புழு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமா எழுதியிருக்கேன், அது உடனே கவனிக்க வேண்டிய விஷயம்.

பக்கத்து தோட்டத்துல தக்காளிக்கு பிவேரியா அடிக்கிறாங்க சார். இயற்கை மருந்து தானே, உங்க புழுவுக்கு ஒண்ணும் ஆகாதுங்குறாரு. எங்க ஷெட்டுல நாலாவது தோலுரிப்பு முடிஞ்ச புழு இருக்கு. (பாலக்கோடு)

நீங்க பயப்படுறது நியாயம் தான் அண்ணே. பிவேரியா பேசியானாங்குறது பூச்சியோட தோல் மேல ஒட்டி, முளைச்சு, உள்ள துளைச்சுக்கிட்டு போய் கொல்லுற ஒரு பூஞ்சை. பட்டுப்புழுவும் பூச்சி இனம் தானே, அதுக்கு தெரியுமா இது யாரு வளர்க்குற புழுன்னு? புழு செத்து வெறைச்சு வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி ஆகுமே, சுண்ணக்கட்டி நோய், அது இந்த பூஞ்சையால வர்றது தான். இத்தாலியில அகோஸ்டினோ பாஸ்ஸி 1835ல இதை நிரூபிச்சாரு, விலங்குக்கு வர்ற ஒரு நோய்க்கு நுண்ணுயிர் தான் காரணம்னு முதல்ல காட்டினது அவரு தான், அதுவும் பட்டுப்புழுவை வச்சு.

புழுவை கொல்ல அடிக்கிற பிடி மருந்துக்கும் இதே கதை தான். அதுல இருக்குற பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவை 1901ல ஜப்பான்ல கண்டுபிடிச்சதே செத்துப்போன பட்டுப்புழுக்கள்ல இருந்து தான். அதனால மல்பெரி தோட்டத்துக்கும் ஷெட்டுக்கும் பக்கத்துல பிவேரியா, அதே மாதிரி பூச்சியை கொல்லுற பூஞ்சையான மெட்டாரைசியம், பிடி எதுவும் அடிக்கக்கூடாது. பக்கத்து தோட்டக்காரர் கிட்ட சண்டை போடாம நேர்ல உக்காந்து பேசுங்க, காத்து உங்க பக்கம் வீசுற நேரத்துல அடிக்காம இருக்கவாவது ஒத்துக்கணும், எல்லை ஓரத்து இலையை அறுத்து புழுவுக்கு போடாதீங்க. ஈரமும் குளிரும் சேர்ந்தா இந்த பூஞ்சைக்கு கொண்டாட்டம், அதனால மழை நாள்ல ஷெட்டுல காத்தோட்டம் வேணும், படுக்கை காய்ஞ்சு இருக்கணும், செத்த புழுவை வெள்ளையா மாறுறதுக்கு முன்னாடியே பொறுக்கி எரிச்சிடணும். அந்த வெள்ளை பொடி முழுக்க பூஞ்சையோட வித்து தான், அது பறந்துச்சுன்னா அடுத்த தட்டுக்கும் போயிடும்.

தக்காளி செடி பச்சையா இருக்கும்போதே ரெண்டு நாள்ல வாடி செத்துடுது. டிரைக்கோடெர்மா போட்டும் நிக்கல. (ராயக்கோட்டை)

முதல்ல ஒரு சோதனை பண்ணுங்க. வாடின செடியோட அடித்தண்டை அறுத்து, கண்ணாடி டம்ளர்ல தெளிவான தண்ணி ஊத்தி அதுல தொங்க விடுங்க. கொஞ்ச நேரத்துல தண்டுல இருந்து பால் மாதிரி நூல் நூலா இறங்குனா அது ரால்ஸ்டோனியா பாக்டீரியா வாடல். பூஞ்சைக்கு அடிக்கிற மருந்து எதுவும் அதுக்கு கேக்காது, டிரைக்கோடெர்மாங்குற நல்ல பூஞ்சையும் முக்கியமா மண்ல இருக்குற பூஞ்சை நோய்களுக்கு தான். அந்த நிலத்துல அடுத்து கத்தரி, மிளகாய், உருளை போடாதீங்க, எல்லாம் ஒரே குடும்பம். ராகியோ சோளமோ போட்டு மாத்துங்க. வாடின செடி இருந்த பாத்தியில இருந்து தண்ணி நல்ல பாத்திக்கு போகக்கூடாது. மறுபடியும் தக்காளி தான் வைப்பேன்னா, இந்த வாடலை தாங்குற கத்தரி வேர்ல ஒட்டு கட்டின நாத்து கிடைக்குதான்னு விசாரிங்க.

ராகி வேர்ல இருக்குற பாக்டீரியா பூஞ்சையை பிடிச்சு கொல்லுதாமே, உண்மையா சார்? (தேன்கனிக்கோட்டை)

உண்மை தான் தம்பி, எனக்கு ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி இது. கனடாவுல இருக்குற குவெல்ஃப் பல்கலைக்கழகத்துல பண்ணி 2016ல வெளியிட்டாங்க. ராகி வேருக்குள்ள குடியிருக்குற எம்6ங்குற பாக்டீரியா, ஃபியூசேரியம் பூஞ்சை வந்ததும் வேரோட மேல்புறத்துக்கு வந்து பெருகுது, வேர்த்தூவியும் கூடவே நீளமா வளர்ந்து வளைஞ்சு பாய் பின்னின மாதிரி படிஞ்சு, நடுவுல சிக்குன பூஞ்சை அங்கேயே சாகுது. கோதுமை, மக்காச்சோளத்துல நச்சு உண்டாக்குற பூஞ்சை இது.

ஆனா நம்ம ராகிக்கு பெரிய தலைவலி குலைநோய், அது வேற பூஞ்சை. அதுக்கு சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ்ங்குற நல்ல பாக்டீரியா பொடியை கிலோ விதைக்கு 10 கிராம் கலந்து விதைக்கிறது ஒரு வழி. பாக்கெட்ல காலாவதி தேதி பாருங்க, வெயில்ல வச்சிருந்த பாக்கெட்னா வாங்காதீங்க, உள்ள உயிர் இருந்தா தான் அது மருந்து. வீட்டுல தாத்தா காலத்து ராகி விதை இருந்தா தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, அதுக்குள்ள என்னென்ன நுண்ணுயிர் குடியிருக்குன்னு இன்னும் பாக்க வேண்டியது நிறைய இருக்கு.

ஆன்டிபயாடிக் முடிஞ்சதும் புரோபயாடிக் கேப்சூல் போடணுமா, ராகி கூழ் போதுமா? (அரூர்)

புரோபயாடிக்னா உயிரோட இருக்குற நல்ல நுண்ணுயிர், அந்த கேப்சூல் எல்லாருக்கும் கட்டாயம் இல்லக்கா. இஸ்ரேல்ல வைஸ்மன் நிறுவனத்துல 2018ல பண்ண ஆய்வுல, ஆன்டிபயாடிக்குக்கு அப்புறம் புரோபயாடிக் சாப்பிட்டவங்க குடல்ல அவங்க சொந்த நுண்ணுயிர் திரும்பி வர தாமதம் ஆச்சு, ஒண்ணும் சாப்பிடாதவங்களுக்கு சீக்கிரம் வந்துச்சு. சின்ன ஆய்வு தான், ஆனாலும் யோசிக்க வைக்குது. டாக்டர் ஒரு காரணத்தோட எழுதி கொடுத்தா சாப்பிடுங்க. மத்தபடி புளிச்ச கூழ், மோர், கீரை, பயறு சாப்பிடுங்க. ராகியில இருக்குற ஃபைட்டேட்ங்குற பொருள் இரும்புச்சத்தை பிடிச்சு வச்சுக்கும், மாவு புளிக்கும்போது அது குறையும், அதனால கூழ் எனக்கு எப்பவும் சம்மதம்.

போர் தண்ணியில இருக்குற ஃப்ளோரைடை பாக்டீரியா விட்டு எடுக்க முடியாதா? (பென்னாகரம்)

எந்த கிருமியாலயும் ஃப்ளோரைடை தின்னு இல்லாம பண்ண முடியாது, அது ஒரு தனிமத்தோட அயனி, சிதைய அதுல ஒண்ணும் இல்ல. கொதிக்க வச்சா தண்ணி ஆவியாகி அளவு இன்னும் கூடும். குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணியே எடுங்க, குழந்தைங்க இருக்குற வீட்டுல இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

மாட்டுக்கு மடிநோய் ஊசி போட்டோம். அந்த பால் தயிரா உறையவே இல்ல. (காவேரிப்பட்டணம்)

ஊசியில போட்ட ஆன்டிபயாடிக் மருந்து பால்ல இறங்கியிருக்கும், நீங்க ஊத்துன உறைமோர்ல இருக்குற லாக்டிக் பாக்டீரியாவை அது கொன்னுடுச்சு அல்லது வளர விடல. அந்த பாலை குடிக்கவும் வேணாம், சொசைட்டிக்கும் ஊத்த வேணாம், கன்னுக்கும் விட வேணாம். கடைசி ஊசிக்கு அப்புறம் எத்தனை நாள் கறந்து கொட்டணும்னு மருந்து அட்டையில போட்டிருக்கும், கால்நடை டாக்டரையும் கேளுங்க. பால் காசு போறது வலிக்கும், தெரியுது. ஆனா ஆன்டிபயாடிக் கண்ட இடத்துலயும் கலந்தா பாக்டீரியா அதுக்கு பழகி அடங்காம போயிடும், உலகம் முழுக்க 2019ல மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால நேரடியா செத்தவங்க சுமார் 12.7 லட்சம் பேர்னு கணக்கு. கடைசி ஆயுதமா வச்சிருக்குற கோலிஸ்டின்ங்குற ஆன்டிபயாடிக்கை மாடு கோழிக்கு கொடுக்கக்கூடாதுன்னு இந்தியாவுல 2019லயே தடை போட்டாச்சு. அடுத்த தடவை மடிநோய்னா, ஊசிக்கு முன்னாடி பால் சாம்பிள் எடுத்து எந்த மருந்துக்கு கேக்கும்னு சோதிச்சு கொடுக்க முடியுமான்னு டாக்டர் கிட்ட கேளுங்க. கறக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் காம்பை கழுவி துடைங்க, கறந்த உடனே மாட்டை படுக்க விடாம கொஞ்ச நேரம் தீவனம் போட்டு நிக்க வைங்க, காம்பு துவாரம் மூடுறதுக்கு அரை மணி நேரமாவது ஆகும்.