தினமும் வருகிறவரின் டீ

வணக்கம் சார்,

நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணி. இப்போது அண்ணாநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, 'இன்ஸ்டால எல்லாரும் போடுறாங்கம்மா' என்று மகன் ஒரு டீக்கடைக்கு அழைத்துப் போனான். மண் குவளையை நெருப்பில் சுட்டு, அதில் டீயை ஊற்றினார்கள். பொங்கி வழிந்து புகை வந்தது. வீடியோ எடுத்து முடிக்கும்வரை குடிக்காதே என்றான். 70 ரூபாய். வாயில் வைத்தால் மண் வாசனையும் ஏலக்காயும்தான் இருக்கிறது, டீயைக் காணோம். பக்கத்துக் கடையில் பழைய சோற்றைச் சட்டியில் போட்டு 150 ரூபாய்க்கு விற்கிறார்கள். அதற்கும் கூட்டம். நம் டீக்கடைப் பாரம்பரியத்தையும் வீட்டுச் சாப்பாட்டையும் இந்த ரீல்ஸ் கெடுத்துவிட்டதா? இல்லை, எனக்குத்தான் வயதாகிவிட்டதா?

சு., அண்ணாநகர்

அன்புள்ள சு. அம்மாவுக்கு,

வயதாகிவிட்டதுதான். எனக்கும்தான். அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் 'டீக்கடைப் பாரம்பரியம்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன். டீ நம் ஊருக்கு விளம்பரத்தின் முதுகில் ஏறி வந்த சரக்கு. 1903-ல் வெள்ளைக்காரர்கள் தேயிலை ஏற்றுமதிமீது ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் தேயிலையை விளம்பரம் செய்ய ஒரு கமிட்டி வைத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வெளிநாட்டுச் சந்தை படுத்துவிட்டது. தேங்கிய தேயிலையை என்ன செய்வது? உள்ளூர் வாய்களைத் தேடினார்கள். கடைத்தெருவிலும் மில் வாசலிலும் டீ போட்டுக் காட்டி, சும்மாவே குடிக்கக் கொடுத்தார்கள். டீ போடுவது எப்படி என்று ரயில்வே ஸ்டேஷன்களில் எனாமல் பலகை மாட்டினார்கள். மெட்ராஸில் அப்போது மரியாதைப்பட்ட வீடுகளில் காப்பிதான், டீ கூலிக்காரர் குடிப்பது. என் பாட்டி கடைசிவரை டீயை ஜுரம் வந்தால் குடிக்கிற கஷாயமாகத்தான் மதித்தாள்.

இன்னொரு வேடிக்கை. அன்றைக்கு டீயைப் பரப்பியவர்களுக்கு நம் கடைக்காரர்கள்மேல் கோபம். பாலை அதிகம் ஊற்றுகிறான், இஞ்சி ஏலக்காய் தட்டிப் போடுகிறான், அதனால் தேயிலையைக் குறைத்துவிடுகிறான் என்று. மண் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் போட்ட அதே புகார்! நாம் 'நல்ல ஸ்ட்ராங் டீ' என்கிறோமே, அதுகூட 1930களில் அஸ்ஸாமில் வந்த ஒரு மெஷினின் வேலை. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் சிடிசி முறை. கொஞ்சம் தூளில் நிறைய கிளாஸ், சீக்கிரம் சாயம் இறங்கும், பாலுக்குத் தாங்கும். சுதந்திரத்துக்குப் பிறகு அது பரவி, நீலகிரி டஸ்ட்டும் அப்படி வர ஆரம்பித்தபிறகு அமைந்த நாக்கு நம்முடையது.

அந்த மண் குவளையும் நம்முடையதில்லை. சுட்ட குவளை டீ புனே பக்கம் கிளம்பி வீடியோ வழியாக ஊர் ஊராக வந்தது. மெட்ராஸுக்குக் கண்ணாடி கிளாஸ்தான். அதைப் பற்றி ஏங்கி எழுதும்போது ஒன்றை மறைக்கக்கூடாது: நம் கிராமத்து டீக்கடைகளில் சாதிக்கு ஒன்றாக இரட்டைக் குவளை வைத்திருந்தார்கள். பாரம்பரியம் என்றால் அதுவும் அதில் சேர்த்திதான். எந்த ரீல்ஸிலும் அது வராது.

அப்படியென்றால் உங்கள் வருத்தம் வெறும் ஏக்கமா? இல்லை. அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில்.

உங்கள் திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் ரோடு, இப்போது பாரதி சாலை, அதன் பக்கத்துச் சந்து ஒன்றில் நான் இருபது வருடமாக டீ குடிக்கும் கடை இருக்கிறது. மாஸ்டருக்கு வாடிக்கைக்காரர் அத்தனை பேரின் டீயும் மனப்பாடம். தலையைக் கண்டாலே கிளாஸைக் கழுவிவிடுவார். எனக்கு ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி, மேலே ஆடை கூடாது. லாண்டரிக்காரருக்கு லைட், இரண்டு ஸ்பூன். துணி வடிகட்டியில் டிகாஷன், பாய்லரிலிருந்து வெந்நீர், பால், இரண்டே ஆற்று. நுரை ஒரு விரற்கடை நிற்கும், சூடு உதட்டைச் சுடாது, ஆனால் தொண்டைவரை தெரியும். அந்த இரண்டுக்கு மேல் மூன்றாவது ஆற்று ஆற்றி ரொம்ப காலம் நான் பார்த்ததே இல்லை.

இரண்டு வருடம் முன்பு யாரோ ஒரு பையன் அவரை வீடியோ எடுத்துப் போட்டான். 'அண்ணே, கையை இன்னும் மேல தூக்குங்க.' தூக்கினார். கயிறு மாதிரி டீ இறங்கியது. லட்சக்கணக்கில் பார்த்தார்கள். மறுவாரமே சந்தில் பைக் நிறுத்த இடமில்லை. மாஸ்டர் ஏழு ஆற்று ஆற்ற ஆரம்பித்தார். நானும் முதல் நாள் வாய் பிளந்துதான் பார்த்தேன். கிளாஸில் பாதி நுரை, மீதி வெதுவெதுப்பு. வாசலில் இருந்த பெஞ்சை எடுத்துவிட்டு, படம் எடுக்க வசதியாகச் சுவரில் ஒரு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். பன் பட்டர் ஜாமில் பன் தெரியாத அளவுக்கு வெண்ணெய். ஒருமுறை சாப்பிடலாம். தினமும் முடியுமா?

எனக்குப் பட்டது இதுதான்: அதுவரை அந்தக் கடை தினமும் வருகிறவருக்காக டீ போட்டது. அப்புறம் ஒரே ஒருமுறை வருகிறவருக்காகப் போட ஆரம்பித்தது. இரண்டும் வேறு வேறு டீ. தினமும் குடிக்கிற டீ யாரையும் ஆச்சரியப்படுத்தக்கூடாது. நேற்றுபோலவே இருப்பதுதான் அதன் ருசி. ஒருமுறை வருகிறவருக்கு அது பத்தாது, புகை வேண்டும், வழிய வேண்டும், கேமராவில் தெரிய வேண்டும். சூடும் வாசனையும் கேமராவில் தெரியாதே!

பழைய சோற்றுக்கும் இதே கதை. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் புளித்த வாடையோடு, கடித்துக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம். தினமும் சாப்பிடுகிறவர்களின் சாப்பாடு, வேறு வழியில்லாததாலும்தான். 150 ரூபாய் சட்டியில் எட்டு வகைத் தொடுகறி வைத்தால் அது விருந்து. அதைத் தப்பென்று சொல்லமாட்டேன், பெயர்தான் மாறிவிட்டது.

ஆனால் நல்லதும் நடந்திருக்கிறது. பீச் ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டிகளில் அத்தோ விற்பார்கள், தெரியுமா? 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்தது. நூடுல்ஸை முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் போட்டுக் கையாலேயே பிசைந்து, கூடவே வாழைத்தண்டு சூப். வடசென்னையைத் தாண்டிப் பல பேருக்கு அது தெரியாமலே இருந்தது. யூடியூப் பையன்கள்தான் வேளச்சேரிக்காரனையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதேபோல, பெங்களூரில் தனியாக இருக்கும் என் அக்கா மகன் வீடியோ பார்த்தே வத்தக்குழம்பு வைக்கிறான். அக்காவிடம் கேட்டால் 'உப்பு கண்ணளவு போடு' என்பாள். அந்தக் கண் அவனிடம் இல்லையே, பாவம். ஆனால் ஊருக்கு ஒரு விதமாக இருந்த குழம்பு, அதிகம் பேர் பார்த்த ஒருவரின் கப் அளவுக்குள் சுருங்கிவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

புகை விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. திரவ நைட்ரஜன் ஊற்றிய 'ஸ்மோக் பிஸ்கட்' ஞாபகமிருக்கும். 2024 ஏப்ரலில் கர்நாடகத்தின் தாவணகெரேயில் ஒரு சிறுவன் அதைத் தின்றுவிட்டுத் துடித்த வீடியோ பரவியது, அதையடுத்து நம் உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விட்டது. ஆசை காட்டியதும் எச்சரித்ததும் ஒரே போன்தான்.

எனக்கு உண்மையில் வலிப்பது அந்தப் பெஞ்சு. ஒரே ஒரு தந்தி பேப்பர் வரும். நாலு பேர் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வோம். நடுப்பக்கம் கிடைத்தவர் முதல் பக்கத்துக்காரரிடம் 'தலைவரே, முடிச்சிட்டீங்களா?' என்று கேட்டாக வேண்டும், அங்கே பேச்சு ஆரம்பிக்கும். இப்போது ஆளுக்கொரு போன். யாரிடமும் எதுவும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. பெஞ்சை எடுக்காமல் விட்டிருந்தாலும் அது நடந்திருக்கும் என்று வையுங்கள்.

கடைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஆறு மாதத்தில் பைக்குகள் அடுத்த கடைக்குப் போய்விட்டன. மஞ்சள் சுவர் இருக்கிறது, பெஞ்சு திரும்ப வரவில்லை. போன் எடுத்துக்கொண்டு யாராவது வந்து நின்றால் மாஸ்டரின் கை இன்னமும் தானாக மேலே போகிறது.

மகனைத் திட்டாதீர்கள். அம்மாவை டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கிறான், அது இன்ஸ்டா சொல்லி வந்ததல்ல. அடுத்த முறை நீங்கள் அவனைத் திருவல்லிக்கேணிக்குக் கூப்பிடுங்கள். காலை ஐந்தரைக்குப் போங்கள். கேமராக்காரர்கள் யாரும் அப்போது எழுந்திருக்கமாட்டார்கள். மாஸ்டர் விபூதி பூசிக்கொண்டு பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருப்பார். முதல் கிளாஸ் டீயைத் தெருவில் ஊற்றிவிட்டுத்தான் வியாபாரம். இரண்டாவது பேப்பர் போடும் பையனுக்கு. நீங்கள் மூன்றாவதாக நின்றுகொள்ளுங்கள்.