போகோலானுக்கு வினிகர் வேண்டாம், கென்டேயை நனைக்க வேண்டாம்

கேள்வி: கணவரின் வேலைக்காக கானாவின் அக்ராவில் சில வருடங்கள் இருந்துவிட்டு சென்னைக்குத் திரும்பியிருக்கிறோம். அங்கே ஆசைப்பட்டு வாங்கிய கென்டே துணி, மாலி நாட்டு போகோலான் என்ற சேற்றுச் சாயத் துணி, அவுரி நீலச் சாயமிட்ட நைஜீரிய ஆதிரே கவுன், கண்ணாடி மணிமாலை, சோழி வைத்த பித்தளை நெக்லஸ் எல்லாம் பிளாஸ்டிக் கவரிலேயே பீரோவில் இருந்தன. இப்போது பூஞ்சை வாடை அடிக்கிறது. டிரை கிளீனிங் கொடுக்கலாமா? சாயம் நிற்க உப்பும் வினிகரும் போடச் சொல்கிறார்களே, சரியா?

– ஒரு வாசகி, சென்னை

பதில்: முதலில் அந்தக் கவர்களைத் தூக்கிப் போடுங்கள். துணிகளை நிழலில், ஃபேன் காற்றில் இரண்டு நாள் விரித்து வையுங்கள். வாடை பெரும்பாலும் அதிலேயே குறைந்துவிடும். துவைப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். அதற்கும் எல்லாத் துணிக்கும் ஒரே பதில் கிடையாது.

போகோலானைத்தான் பதமாகக் கையாள வேண்டும். பருத்தித் துணியை இலைச்சாற்றில் தோய்த்து மஞ்சளாக்கி, மாதக்கணக்கில் பானையில் ஊறிய சேற்றால் அதன்மேல் வரைவார்கள். சேற்றிலுள்ள இரும்பும் இலையின் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து கறுப்பாகும். நம் கலம்காரியில் கடுக்காயும் இரும்பு–வெல்லக் கரைசலும் சேர்ந்து கறுப்பு பிறக்கிறதே, அதே வேதியியல்தான். இந்தக் கறுப்புக்குப் புளிப்பு ஆகாது. வினிகர், எலுமிச்சை பட்டால் வெளுத்துவிடும். இயற்கையானது என்று நம்பிப் பூந்திக்கொட்டை போடாதீர்கள், அந்தத் தண்ணீருக்கும் லேசான அமிலத்தன்மை உண்டு.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கறுப்பைக் கொடுத்த அதே இரும்பு நாளடைவில் நூலை நொறுங்க வைக்கும். ஈரம் அதை வேகப்படுத்தும். துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கறுப்புப் பகுதியில் மட்டும் ஊசி குத்தியதுபோல் ஓட்டை தெரிந்தால் இனி உடுத்த வேண்டாம், மடிக்கவும் வேண்டாம். உருளையாகச் சுற்றி வையுங்கள். துணி உறுதியாக இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டாவிட்டால் குளிர்ந்த நீரில் மிதமான லிக்விட் சோப் போட்டு அலசலாம். பிழியக் கூடாது.

கென்டே ஏறத்தாழ 10 செ.மீ. அகலப் பட்டைகளாகக் கைத்தறியில் நெய்து, பக்கம் பக்கமாக வைத்துத் தைப்பது. 2024இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கலை அது. இன்று நிறைய கென்டே ரேயான் நூலில் வருகிறது. ரேயான் நனைந்தால் பலம் பாதிக்குப் பாதி போய்விடும். பட்டைகள் ஒரே அளவில் சுருங்காவிட்டால் தையலும் சுருக்கிக்கொள்ளும். ஆகவே உங்களிடம் இருப்பதில் டிரை கிளீனிங்குக்குப் போகத் தகுந்தது இது ஒன்றுதான், அதுவும் கறை இருந்தால் மட்டும். தையலே இல்லாமல், பின்பக்கம் வெளிறி இருந்தால் அது கென்டே மாதிரி அச்சடித்த மில் துணி. சாதாரணப் பருத்திபோல் துவைக்கலாம்.

ஆதிரேயின் அவுரி நீலம் நூலின் மேல் படிந்து நிற்பது. உப்போ வினிகரோ அதைப் பிடித்து வைக்காது. சில தடவை நீலம் கழியத்தான் செய்யும். தனியாக, குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். உள்ளே வெள்ளை ஸ்லிப் போடாதீர்கள்.

மூன்றையும் கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். கஞ்சி என்றால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. ஸ்டீல் பீரோ நல்லது. நாப்தலின் உருண்டை துணியிலோ மணியிலோ நேராகப் படக் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை இடம் மாற்றி மடியுங்கள்.

நெக்லஸைப் புளி போட்டுத் தேய்க்கும் ஆசை வரும். வேண்டாம், சோழி சுண்ணாம்பாலானது, புளி அதை அரித்துவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

கண்ணாடி மணிகள் கானாவின் குரோபோ இன மக்கள் செய்யும் மணிகளாகத்தான் இருக்கும். பாட்டில் கண்ணாடியைப் பொடித்து, களிமண் அச்சில் நிரப்பி, துளைக்காக மரவள்ளி இலைக்காம்பைச் செருகிச் சுடுவார்கள். காம்பு எரிந்து விட்டுப்போகும் அந்தத் துளையின் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். மெல்ல மெல்ல நூலை அறுக்கும். நூல் இழை பிரியத் தொடங்கியிருந்தால், மணிகளின் வரிசையை போனில் படம் எடுத்துக்கொண்டு, மணி கோர்ப்பவரிடம் கெட்டியான நைலான் நூலில் மாற்றிக் கோர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மணிக்கும் நடுவே முடிச்சு கேளுங்கள். மாலை கொஞ்சம் நீளும், ஆனால் அறுந்தால் ஒரு மணிதான் உருளும்.