அக்கறை இல்லாதவர்களா?

கேள்வி: பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் பத்துப் பிள்ளைகள்கூட இல்லை, மூடப்போகிறார்களாம். பிள்ளை படிப்பில் அக்கறையில்லாத பெற்றோருக்காக அதை ஏன் நடத்த வேண்டும்?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பெற்றோர் கூட்டத்துக்கு வராததை வைத்தா அக்கறையில்லை என்கிறீர்கள்? முக்கூடலில் பீடி சுற்றிய எங்கம்மா என் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. வந்தால் அன்றைக்கு ஆயிரம் பீடி முடியாது, கூலி போச்சு. ராத்திரி சுளவை, அதான் முறத்தை, மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டே, "சத்தமா வாசில, எனக்குக் கேக்கணும்" என்பாள். தூள் நெடியில் இருமுவாள். நான் நிறுத்தினால் விடமாட்டாள். அவளுக்கு ஓரெழுத்துத் தெரியாது.

வசதியுள்ளவர்கள் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது வேனுக்குக் கட்ட முடியாதவர்களின் பிள்ளைகள். மூடிய பள்ளிகளைத் திறந்த காமராஜர், 1956இல் மதிய உணவை எட்டயபுரத்தில் தொடங்கினார். அன்று அது நம் திருநெல்வேலி மாவட்டம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் அய்யா.

மூடினால் ஆறு வயசுப் பிள்ளையை அடுத்த ஊருக்கு யார் கூட்டிப்போவது? விடியுமுன் வயலுக்குப் போன அம்மாவா? அக்காளை நிறுத்தி, தம்பியைக் கொண்டுவிடச் சொல்வார்கள். திரும்பி வந்ததும் அவள் மடியிலும் ஒரு சுளவு ஏறிவிடும்.