குரல் சோதனைக்கு நுனிநாக்கு ஆங்கிலம் வேண்டாம்

தமிழ்வழியில் படித்தவன், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிக்கான ஏஏஐ (இந்திய விமான நிலைய ஆணையம்) தேர்வில் தேறியும் குரல் சோதனையை நினைத்தால் உதறுகிறது என்கிறீர்கள். நுனிநாக்கு ஆங்கிலத்தை அங்கே யாரும் தேடவில்லை தம்பி. திக்காமல், தெளிவாகப் பேசினால் சரி.

பணியில் பேசும் வாக்கியங்களே அளந்து வைத்தவைதான். மூன்றை 'ட்ரீ', ஐந்தை 'ஃபைஃப்', ஒன்பதை 'நைனர்' என்பார்கள். ரேடியோ இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் குழம்பிவிடக் கூடாதே! பறக்க வேண்டிய உயரத்தை நீங்கள் சொன்னதும், விமானி அதைத் திருப்பிச் சொல்வார். அதில் ஓர் எண் பிசகினாலும் உடனே பிடித்துத் திருத்த வேண்டும். என்னைக் கேட்டால், வாயைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம்.

விமானத் துறைக்கான சர்வதேச ஆங்கில அளவுகோலின் ஆறு நிலைகளில் நான்காவது போதும். தாய்மொழிச் சாயல் இருக்கலாம், புரியாமல் போகக் கூடாது, அவ்வளவுதான். தினமும் ஆங்கில நாளிதழைச் சத்தமாக வாசித்து, போனில் பதிவுசெய்து கேளுங்கள். அப்புறம், கண்ணாடி போட்டிருப்பதற்காக நிராகரிக்க மாட்டார்கள். நிறங்களைப் பிரித்தறியும் பார்வையில் குறைபாடு இருந்தால்தான் சிக்கல். அதை இப்போதே பரிசோதித்துவிடுங்கள்.