சாட்பாட் (மனிதரைப் போலப் பதில் எழுதும் நிரல்) வைத்துப் பேசினால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

சில இடங்களில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

முதலில் என் கதை. திரும்ப வராத பணத்துக்காக ஒரு நிறுவனத்தின் சாட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு பெண்ணின் பெயர். ‘ஒரு நிமிடம், பார்த்துச் சொல்கிறேன்’ என்று வந்தது. யாரோ தட்டச்சு செய்வதுபோல மூன்று புள்ளிகள் துடித்தன. நானும் ‘அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள்’ என்று எழுதினேன்! அதே பதில் எழுத்துப் பிசகாமல் மூன்றாவது முறை வந்தபோதுதான் உறைத்தது. பணம் தாமதமானதைக்கூட மன்னித்துவிட்டேன், அந்த மூன்று புள்ளிகளை இன்னும் மன்னிக்கவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2018-இல் ஒரு சட்டம் போட்டது, 2019 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. பொருளையோ சேவையையோ வாங்கவோ விற்கவோ தூண்டுவதற்காக, அல்லது தேர்தலில் வாக்கைத் திருப்புவதற்காக, மனிதர் என்று நம்பவைத்து ஏமாற்றும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட தானியங்கி நிரலைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. நோக்கத்தை நிரூபிப்பதுதான் பெரும்பாடு. என்னிடம் யாரும் எதையும் விற்கவில்லை, அதனால் என் அனுபவம் இதற்குள் வராது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு அமெரிக்க மாநிலமான யூட்டாவின் சட்டம் 2024 மே 1-இல் அமலுக்கு வந்தது. அங்கே, வாடிக்கையாளர் கேட்டால் சொல்ல வேண்டும். மீறினால் ஒவ்வொன்றுக்கும் 2,500 டாலர் வரை அபராதம். 2025-இல் திருத்தி, ஐயத்துக்கு இடமில்லாமல் நேரடியாகக் கேட்டால்தான் என்று இன்னும் சுருக்கிவிட்டார்கள். எனக்கு இதில்தான் உடன்பாடில்லை. சந்தேகம் வந்தவர்தான் கேட்பார். சந்தேகமே வராமல் ‘மெதுவாகப் பாருங்கள்’ என்று எழுதுகிறவரை இந்தச் சட்டம் எப்படிக் காப்பாற்றும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இதைத் திருப்பிப் போடுகிறது. பயனர் கேட்கக் காத்திருக்காமல், முதல் உரையாடலிலேயே தெரியும்படி தயாரிப்பாளர் வடிவமைக்க வேண்டும். 50-ஆம் பிரிவு, 2026 ஆகஸ்ட் 2 முதல் என்று தேதி குறித்திருக்கிறார்கள். கவனமான ஒருவருக்குத் தானாகவே புரியும் என்றால் சொல்லத் தேவையில்லை என்று ஒரு விலக்கு உண்டு. வழக்கறிஞர்கள் நுழையப்போகும் சந்து அதுதான்.

அப்புறம், ‘இது சாட்பாட்’ என்று சொல்லிவிட்டால் நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுமா என்று சிலர் கேட்பதுண்டு. 2024 பிப்ரவரியில் கனடாவில் ஏர் கனடா என்ற விமான நிறுவனத்தின் மீதான வழக்கில் தீர்ப்பு வந்தது. துக்கத்துக்குப் போகும் பயணிகளுக்கான சலுகைக் கட்டணம் பற்றி அதன் சாட்பாட் தவறான தகவல் தந்திருந்தது. சாட்பாட்டின் பேச்சுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை, இணையதளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி இழப்பீடு தரச் சொன்னது.

நான் இப்போதெல்லாம் முதல் வரியிலேயே ‘நீங்கள் மனிதரா, நிரலா?’ என்று கேட்டுவிட்டு, வரும் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.