வியாழக்கிழமை தேவாலயக் கூடத்துக்குப் போகலாமா?

தம்பி, போகலாம். வருகிற வியாழக்கிழமையே போங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படித்தாலும் பயன்படும். மனைவி பக்கத்து நகர மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்திருக்கிறார். வீட்டு முன்பணமும் முதல் மாத வாடகையும் ஊரிலிருந்து கொண்டுவந்த பணத்தை விழுங்கிவிட்டன. முதல் சம்பளத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்களுக்கு வேலை அமையவில்லை. நான்கு வயது மகள். தேவாலயக் கூடத்தின் வாசலில் வியாழக்கிழமை உணவு வங்கி என்ற பலகையைப் பார்த்திருக்கிறீர்கள். முருகனைக் கும்பிடுகிற, சைவச் சாப்பாடு மட்டுமே சாப்பிடுகிற குடும்பம் அங்கே போகலாமா, விசாவுக்குக் கேடு வருமா, மதம் மாறச் சொல்வார்களா, நான்கு பேர் பார்த்தால் அவமானம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழர் ஒருவரும் இல்லாத சிற்றூரில் எப்படி ஒட்டி வாழ்வது என்பது கடைசிக் கேள்வி.

நான் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் அப்படியொரு சிற்றூரில்தான் பல்லாண்டுகளாக இருக்கிறேன். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளைகிற வயல்களுக்கு நடுவே ஒரு கடைத்தெரு, ஒரு பழைய கற்கோவில், தேவாலயத்தைத்தான் சொல்கிறேன். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த அந்த ஆங்கிலிக்கன் கோவிலின் நிர்வாகக் குழுவிலும் அதன் கூடத்தில் நடக்கும் உணவு வங்கியிலும் வேலை செய்கிறேன். அக்கா என்று அழைத்திருக்கிறீர்கள், அந்த உரிமையில் எல்லாவற்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

முதலில் விசா. பொது நிதியை நாடக்கூடாது என்று உங்கள் விசா நிபந்தனையில் ஒரு வரி இருக்கும். பொது நிதி எது என்பதற்கு அரசிடம் ஒரு பட்டியல் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட், குழந்தைகளுக்கான சைல்ட் பெனிஃபிட், வீட்டு வாடகை உதவி போன்றவை அதில் வரும். உணவு வங்கி அதில் இல்லை. அது மக்கள் கொடுத்த பொருளை மக்களுக்கே கொடுக்கிற அறப்பணி, அரசுப் பணம் அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நெருக்கடியில் இருப்பவர்களுக்குக் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றம் தரும் உதவித்தொகைகளில் சில அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். கவுன்சிலிலிருந்து பணமாகவோ வவுச்சராகவோ எது வந்தாலும், வாங்கும் முன் மக்களுக்கு ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் ஆலோசனைக்குப் பணம் வாங்குவதில்லை.

இனி நடைமுறை. இந்த நாட்டில் உணவு வங்கிகள் பெரும்பாலும் இரண்டு வகை. டிரசல் என்னும் அமைப்பின் கீழ் இயங்குபவை ஒரு வகை, தனித்து இயங்குபவை இன்னொரு வகை. டிரசல் தொடங்கிய கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பேடி, கேரல் ஹெண்டர்சன் என்ற தம்பதியர் பல்கேரியாவில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக உழைத்துவந்தார்கள். இங்கிலாந்தின் சாலிஸ்பரியிலிருந்து ஒரு தாய் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, என் பிள்ளைகள் இன்றிரவு பசியோடு படுக்கப் போகிறார்கள், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். 2000ஆம் ஆண்டில் தங்கள் வீட்டுத் தோட்டக் கொட்டகையிலும் கார் நிறுத்துமிடத்திலும் முதல் உணவு வங்கியை அவர்கள் தொடங்கினார்கள். கேட்ட அந்தத் தாய்க்கு வெட்கம் இருந்திருக்காதா? இருந்தும் கேட்டார்.

டிரசல் வகை என்றால் பரிந்துரைச் சீட்டு வேண்டும். நீங்கள் பதிந்திருக்கும் ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரின் மருத்துவமனை, மகளின் பள்ளி, சிறு குழந்தைகளின் நலம் பார்க்கும் செவிலியரான ஹெல்த் விசிட்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய இடங்களில் கேட்டால் கிடைக்கும். இப்போது பெரும்பாலும் தாளுக்குப் பதில் ஓர் எண்ணாக அனுப்பிவிடுகிறார்கள். தனித்து இயங்குபவற்றில் பல சீட்டே கேட்பதில்லை, நேரே உள்ளே போகலாம். உங்கள் ஊரில் இருப்பது எந்த வகை என்பது அந்தப் பலகையிலேயே எழுதியிருக்கும்.

உள்ளே போனதும் யாராவது ஒருவர் உங்களை உட்காரவைத்துத் தேநீர் தருவார். நீங்கள் போகும் இடத்திலும் எங்களைப் போலவே மேசைகளைப் போட்டு, பக்கத்திலேயே குழந்தைகளுக்குப் பொம்மைகளையும் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் எத்தனை பேர், எதைச் சாப்பிட மாட்டீர்கள், ஒவ்வாமை ஏதும் உண்டா, அடுப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். அடுப்பைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கெட்டில் மட்டுமே வைத்திருக்கும் மனிதர்கள் வருகிறார்கள், வெந்நீர் ஊற்றினாலே போதும் என்கிற உணவாக அவர்களுக்குத் தனியே கட்டிக் கொடுக்கிறோம். வழக்கமான பொட்டலம் குடும்பத்துக்கு மூன்று நாளைக்கான உணவு: காலைச் சீரியல், பாஸ்தா அல்லது அரிசி, சூப், தக்காளி டின், பயறு டின், காய்கறி டின், பழ டின், கெட்டுப்போகாத பால், தேயிலை, பிஸ்கட். கையிருப்பைப் பொறுத்து டயப்பர், மாதவிடாய்ப் பட்டைகள், ஷாம்பு, சோப்பும் கிடைக்கும். முன்பணம் கட்டும் மின்மீட்டர் உள்ள வீடுகளுக்கு எரிபொருள் வவுச்சர் தருகிற இடங்களும் உண்டு, கேட்டுப்பாருங்கள்.

சைவம் என்பதை உட்கார்ந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்களா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இங்கே சைவம் என்றாலும் முட்டை சாப்பிடுவார்கள் என்று எண்ணிக்கொள்வார்கள். டின்னில் வரும் கறியையும் மீனையும் எடுத்துவிட்டுப் பயற்றைக் கூட்டி வைப்போம். கொண்டைக்கடலை டின்னைக் கழுவி, தண்ணீரை வடித்துத் தாளித்தால் பத்து நிமிடத்தில் சுண்டல். சிவப்புப் பருப்பு கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அது நம் மைசூர்ப் பருப்புதான், தக்காளி டின்னோடு சேர்த்தால் சாம்பார் ஆகும். பொருள்களின் மேல் இரண்டு வகைத் தேதிகள் இருக்கும். யூஸ் பை என்ற தேதி தாண்டினால் சாப்பிடக்கூடாது. பெஸ்ட் பிஃபோர் என்பது ருசிக்கான தேதி, அது தாண்டியதற்காக டின்னைக் குப்பையில் போடாதீர்கள்.

மதம் பற்றிய உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. எங்கள் பதிவேட்டில் மதம் என்று ஒரு கட்டமே கிடையாது. சில இடங்களில் தொண்டர் ஒருவர், உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று மென்மையாகக் கேட்கக்கூடும். வேண்டாம், நன்றி என்று சொன்னால் அதோடு முடிந்தது, பையின் கனம் குறையாது. ஜெபத்தையும் அரிசியையும் முடிச்சுப்போடும் உணவு வங்கி எதையும் நான் பார்த்ததில்லை. அப்படி எங்காவது நடந்தால் எதிர்த்துப் பேசுபவர்களில் நானும் ஒருத்தியாக இருப்பேன்.

இதற்கு இங்கிலாந்துத் திருச்சபையின் அமைப்பும் ஒரு காரணம். நாடு முழுவதையும் பேரிஷ் என்ற எல்லைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் வசிக்கும் அத்தனை பேரும் அங்குள்ள குருவானவரின் பொறுப்பு. ஞாயிறுதோறும் வருகிறவர், வராதவர், வேறு கடவுளை வணங்குகிறவர், கடவுளே இல்லை என்கிறவர் எல்லாரும் அதில் அடக்கம். நீங்கள் வீடு எடுத்த அன்றே அவருடைய கணக்கில் சேர்ந்துவிட்டீர்கள். இன்னொன்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒவ்வோர் ஆண்டும் மே மாத முடிவுக்குள் ஊர்க்கூட்டம் ஒன்று கூட்டி, சர்ச்வார்டன் எனப்படும் கோவில் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். கோவில் உறுப்பினர்களோடு, அந்த பேரிஷுக்குள் குடியிருந்து உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களும் அதில் வாக்களிக்கலாம். இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், இங்கே சட்டப்படி வசிக்கும்போது வாக்காளராகப் பதியலாம். ஆக, முருக பக்தரான நீங்களும் அந்தக் கூட்டத்தில் கை தூக்கலாம். கோவிலுக்காக இல்லாவிட்டாலும் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பின்னால் வங்கிக் கடன் கேட்கும்போது அது கைகொடுக்கும்.

அவமானம் பற்றிய கேள்விக்குத்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. 2023-24ஆம் ஆண்டில் டிரசல் அமைப்பு மட்டும் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்களைக் கொடுத்திருக்கிறது. அவற்றில் 11 லட்சத்துக்கும் மேல் குழந்தைகளுக்குப் போனவை. வேலைக்குப் போகிறவர்களும் வருகிறார்கள். தங்கள் ஊழியர்களுக்கென்றே உணவு வங்கி வைத்திருக்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன, உங்கள் மனைவியின் மருத்துவமனையிலும் விசாரிக்கச் சொல்லுங்கள். யுனிவர்சல் கிரெடிட் கேட்டு விண்ணப்பிக்கும் உள்ளூர்க்காரர்களே முதல் தொகைக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து வாரத்தில்தான் பலர் எங்களிடம் வருகிறார்கள். இவ்வளவு செல்வமுள்ள நாட்டில் இது இப்படி இருக்கக்கூடாது. அவமானம் என்றால் அது ஆளுகிறவர்களுக்கு, உங்களுக்கு அல்ல. 2014 பிப்ரவரியில் பிஷப் எனப்படும் ஆங்கிலிக்கன் பேராயர்கள் 27 பேர் வேறு சபைத் தலைவர்களோடு சேர்ந்து, பசிக்கு அரசின் கொள்கைகளும் காரணம் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ட்ரூரோ நகரப் பேராயரும் ஃபிராங்க் ஃபீல்டு என்ற நாடாளுமன்ற உறுப்பினரும் தலைமை வகித்த விசாரணைக் குழு, நாட்டின் பசியைப் பற்றி அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. நாங்கள் டின்களை அடுக்கிக்கொண்டே இருக்கிறோம்.

நான் திருநெல்வேலிப் பக்கம், தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள். எங்கள் சேகரங்களில், அதாவது சபை வட்டாரங்களில், நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகையின்போது அசனம் என்னும் பொது விருந்து நடக்கும். அரிசி கொடுத்தவரும் விறகு கொடுத்தவரும் ஒன்றும் கொடுக்க முடியாதவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடுவார்கள். உங்கள் ஊர்க் கோவிலில் அன்னதானம் நடந்தால் வரிசையில் நிற்பவரிடம் நீ ஏழையா என்று யாராவது கேட்பார்களா? உணவு வங்கி மேசையில் எனக்கு எதிரே உட்காருகிறவர்களை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். முன்பு பொட்டலம் வாங்கிப்போன சிலர் இன்று எங்களோடு நின்று பெட்டி பிரிக்கிறார்கள். வந்தவர்களில் எனக்கு மனம் கனத்துப்போனது, கடைசி நாள்வரை காத்திருந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்துத்தான். பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள். வீட்டில் அரிசி இருக்கும்போதே வாருங்கள், தம்பி.

ஊரோடு ஒட்டுவது பற்றி. சிற்றூர்க் கோவில்களில் ஆட்கள் குறைவு, வயதானவர்கள் அதிகம். ஒரே குருவானவர் பல கிராமக் கோவில்களைக் கவனிக்கிறார், அதனால் எந்த ஞாயிறு எங்கே ஆராதனை என்பதை வாசலில் ஒட்டியிருப்பார்கள். பூ வைப்பது, மணி அடிப்பது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது, தேநீர் போடுவது, உணவு வங்கி எல்லாவற்றையும் அதே பத்துப் பன்னிரண்டு பேர்தான் மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். நூற்றாண்டுகள் பழைய கட்டடத்தின் கூரை ஒழுகும், மேலே இருக்கும் ஈயத்தகட்டைத் திருடர்கள் கழற்றிப் போவார்கள், அதற்கும் அவர்களே பணம் திரட்ட வேண்டும். சளைக்காத மனிதர்கள். இவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் பேச்சில் முந்த மாட்டார்கள். நம் ஊரைப் போல முதல் சந்திப்பிலேயே சொந்த ஊர், சம்பளம், எத்தனை பிள்ளைகள் என்று கேட்க மாட்டார்கள், வீட்டுக்கு வாருங்கள் என்றும் சீக்கிரம் அழைக்க மாட்டார்கள். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே பழக்கம் பேச்சில் தொடங்குவதைவிடச் சேர்ந்து செய்யும் வேலையில் எளிதாகத் தொடங்குகிறது. கூட்டம் முடிந்த பிறகு நாற்காலி அடுக்க வரட்டுமா என்று கேளுங்கள். உணவு வங்கிக்கு எப்போதும் வேண்டியது கனமான பெட்டி தூக்கும் கை, வந்த பொருளை எடைபோட்டுத் தேதிவாரியாக அடுக்கும் பொறுமை. சம்பளமோ ஒப்பந்தமோ இல்லாத இந்தத் தொண்டுக்கு உங்கள் விசா தடையில்லை. வேலை தேடும்போது, உள்ளூரில் உங்களைத் தெரிந்த ஒருவரின் நற்சான்றுக் கடிதமும் இதில் கிடைக்கும். எங்களிடம் தொண்டு செய்த பலருக்கு முதல் வேலை அப்படித்தான் அமைந்தது.

இலையுதிர்காலத்தில் அறுவடைத் திருவிழா வரும். கார்ன்வாலில் மோர்வென்ஸ்டோ என்ற கடலோரக் கிராமத்தில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற குருவானவர் 1843இல் நடத்திய நன்றி ஆராதனையிலிருந்து இன்றைய வடிவம் பரவியதாகச் சொல்வார்கள். முன்பெல்லாம் பூசணியும் ஆப்பிளும் ரொட்டியும் கொண்டுவந்து படைத்தார்கள். இப்போது டின்களும் சேர்ந்துகொண்டன, அத்தனையும் உணவு வங்கிக்கு வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பொருள் கொண்டுவருவார்கள். அந்த வாரம் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பீன்ஸ் டின்னும் பாஸ்தாவும் மலையாகக் குவியும், பழ டின்னும் பாலும் ஷாம்பும்தான் குறையும். சம்பளம் வந்து, கையும் சற்றே நிமிர்ந்த பிறகு ஏதாவது கொடுக்க நினைத்தால் இவற்றில் ஒன்றை வாங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: நாளைக் காலை ஜிபி வரவேற்பிலோ மகளின் பள்ளியிலோ உணவு வங்கிச் சீட்டு வேண்டும் என்று கேளுங்கள். காரணம் கேட்டால், புதிதாக வந்திருக்கிறோம், முதல் சம்பளம் இன்னும் வரவில்லை என்றால் போதும். உறுதியான பைகள் இரண்டு மூன்று எடுத்துப்போங்கள், டின்கள் கனக்கும். மனைவிக்கு அன்று பணி இல்லை என்றால் அவரையும் அழைத்துப்போங்கள். சீட்டு தர யாராவது மறுத்தால் அன்றே எனக்கு எழுதுங்கள், அடுத்து எங்கே கேட்பது என்று சொல்கிறேன்.